அசலை எடுத்தீங்களா?

அந்தப் பல்கலைக்கழகத்தில் 'புதுக் கட்டடம்' என்று ஒன்று இருக்கிறது. அதன் சுவரெல்லாம் விரிசல். விரிசலில் செடி. மாடத்தில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் புறாக் குடும்பம். வாசல் படிகள் நடுவில் தேய்ந்து கிண்ணம் போலக் குழிந்துவிட்டன. மழை பெய்தால் அதில் தண்ணீர் தேங்கும். காக்கா வந்து குளித்துவிட்டுப் போகும்.

"இதுக்குப் போயா புதுக் கட்டடம்னு பேரு?" என்று கேட்டால், அங்கே வேலை செய்கிறவர்கள் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். கட்டியபோது அது புதுசுதானே! அன்றைக்கு வைத்த பேர். ஒட்டிக்கொண்டது.

அதற்கப்புறம் எத்தனையோ கட்டடங்கள் வந்துவிட்டன. போன வருடம் பளபளவென்று முழுக்க முழுக்கக் கண்ணாடியில் ஒன்று வந்தது. அதற்கு வைத்த பேர், 'பல்துறை ஒருங்கிணைந்த உயர் ஆய்வு மற்றும் கற்றல் மையம்'. சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். அதனால் எல்லாரும் 'கண்ணாடி' என்று சுருக்கிவிட்டார்கள்.

உள்ளே இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு? அதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை.

முதன்முதலில் யோசித்தது பத்து வயதுப் பெண் ஒருத்தி. அவள் பேர் நகல்.

அது அவளுடைய நிஜப் பேர் இல்லை. பல்கலைக்கழக நூலகத்தின் மாடிப்படிக்குக் கீழே அவள் அம்மா ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். அம்மாவுக்கு இருக்கும் அதே சப்பை மூக்குதான் இவளுக்கும். அதே சுருட்டை முடி. கோபம் வந்தால் அதே மாதிரி இடுப்பில் இரண்டு கை. இவளை முதல்முறை பார்த்த ஒரு மாணவர், "என்னக்கா, அந்த மெஷின்ல உங்களையே வெச்சு ஒரு நகல் எடுத்துட்டீங்களா?" என்று கேட்டார். அந்தப் பேரும் ஒட்டிக்கொண்டது.

பள்ளி விடுமுறை நாட்களில் நகல் கடைக்கு வந்துவிடுவாள். அவளுக்கு ஒரு வேலை உண்டு. ரொம்ப முக்கியமான வேலை. ஒவ்வொருவரும் கிளம்பும்போது, "அசலை எடுத்தீங்களா?" என்று கேட்க வேண்டும்.

ஜெராக்ஸ் மெஷினின் மூடியைத் தூக்கி, கண்ணாடி மேல் அசல் தாளைக் கவிழ்த்து வைப்பார்கள். மூடுவார்கள். வெளிச்சம் ஓடும். சுடச்சுட நகல் வெளியே வரும். அந்தச் சூட்டுத் தாளைக் கையில் வாங்கின சந்தோஷத்தில், அசலை மூடிக்குள்ளேயே மறந்துவிட்டுப் போய்விடுவார்கள். இதில் சின்னவர் பெரியவர் வித்தியாசமே கிடையாது. கனமான புத்தகம் எழுதியவர்கள்தான் ரொம்ப மறப்பார்கள்.

"நகல் தொலைஞ்சா இன்னொண்ணு எடுத்துக்கலாம். அசல் தொலைஞ்சா என்ன பண்றது?" என்பார் அம்மா. "அதனால நீ கேக்கணும். ஒருத்தரையும் விடக் கூடாது."

நகல் ஒருத்தரையும் விட்டதில்லை. அன்றைக்கு வரைக்கும்.

அன்றைக்குப் புது மாணவர்களைச் சேர்ப்பதற்கான நேர்காணல். காலையிலேயே கடை வாசலில் கூட்டம் வரிசை கட்டி நின்றது. வரிசையில் ஓர் அக்கா, பச்சை நிறப் பை ஒன்றைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"எத்தனை காப்பிக்கா?" என்று நகல் கேட்டாள்.

"எல்லாத்துலயும் ரெண்டு. இல்ல, மூணு. எதுக்கும் நாலு எடுத்துடலாம்."

"என்ன படிக்கப் போறீங்க?"

"பூஞ்சை."

"ஐயே! ரொட்டியில பச்சை பச்சையா வருமே, அதுவா?"

"அதேதான்."

"அதைத் தூக்கிக் குப்பையிலதானே போடணும்?"

"எல்லாரும் தூக்கிக் குப்பையில போட்டுட்டா, அதைப் பத்தி யாரு தெரிஞ்சுக்கிறது?" என்றார் பச்சைப் பை அக்கா.

நகலுக்கு இந்தப் பதில் பிடித்துப்போனது. "உங்ககூட யாரும் வரலையா?"

"வரலை. எங்க வீட்டுலயே இந்த மாதிரி இடத்துக்கு வர்ற முதல் ஆள் நான்தான். எப்படிப் போகணும், என்ன பேசணும்னு கேக்கக்கூட ஆள் இல்ல. நானா வந்துட்டேன்." அவர் தாடையைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டே சொன்னார். "சீட்டு வாங்கிட்டுத்தான் திரும்புவேன்."

அப்போதுதான் மெஷின், "டர்ர்ர்... டக்!" என்று நின்றது.

உள்ளே தாள் சிக்கிக்கொண்டது! நகலுக்கு இதைவிடப் பிடித்த வேலை உலகத்தில் எதுவும் இல்லை. பக்கவாட்டுக் கதவைத் திறக்க வேண்டும். பச்சைப் பிடியைத் திருப்ப வேண்டும். விசிறி மாதிரி மடிந்து கிடக்கும் தாளைக் கிழியாமல் மெதுவாக, மெதுவாக இழுக்க வேண்டும். மூக்கில் கருப்புத் தூள் ஒட்டும். ஒட்டட்டும்!

தாளை வெற்றிகரமாக உருவிக்கொண்டு நகல் நிமிர்ந்தபோது, வந்தவரைக்கும் போதும் என்று பச்சைப் பை அக்கா கிடைத்த நகல்களோடு கிளம்பிவிட்டிருந்தார்.

அடுத்து நின்றவர் ஒரு வழுக்கைத் தலை ஆய்வாளர். அவர் மூடியைத் தூக்கினார். "இது யாரோடது?"

கண்ணாடி மேல் ஒரு மதிப்பெண் சான்றிதழ் கிடந்தது. மூலையில் சின்னதாக ஒரு படம். பச்சைப் பை அக்கா!

அம்மா நகலைப் பார்த்தார். நகல் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"நான் கேக்கலைம்மா," என்றாள். "தாளை உருவுற குஷியில மறந்துட்டேன்."

"அசல் இல்லாமப் போனா அந்தப் பொண்ணை உள்ளயே விட மாட்டாங்களேடீ!" அம்மா வரிசையைப் பார்த்தார். அது நூலக வாசலைத் தாண்டிப் போய்விட்டது. "இத்தனை பேரை விட்டுட்டு நான் எப்படி நகர்றது?"

"நான் மறந்தேன், நானே போறேன்."

அம்மா ஒரு நொடிதான் யோசித்தார். சான்றிதழை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மகள் கையில் கொடுத்தார். "நேர்காணல் புதுக் கட்டடத்துலதான். நேராப் போகணும், நேரா வரணும். மடிக்காதே. நனைக்காதே. வழியில பூனையைக் கொஞ்சாதே."

நகல் ஓடினாள். சைக்கிள் நிறுத்தத்துக்குள் புகுந்து, இயற்பியல் துறையின் பின்பக்கமாக வளைந்து ஓடினாள். பெரிய வாசலருகே வளாகத்தின் வரைபடம் ஒன்றை நட்டு வைத்திருந்தார்கள். வெயிலில் எல்லாக் கட்டடமும் வெளுத்து மறைந்துபோய், 'நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்' என்பது மட்டும் மிச்சம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு யார் என்ன செய்ய முடியும்? வழியில் நிஜமாகவே ஒரு பூனை வந்தது. நகல் கண்ணை மூடிக்கொண்டு தாண்டினாள்.

புதுக் கட்டடத்தின் வாசலில் கூப்பிடு அண்ணன் நின்றிருந்தார். நேர்காணலுக்குப் பேர் சொல்லிக் கூப்பிடுவது அவர் வேலை. தொண்டை அவ்வளவு பெரியது. அவர் கூப்பிட்டால் மாடத்துப் புறாக்கள்கூட 'நம்மையோ?' என்று எட்டிப் பார்க்கும்.

"அண்ணே, பச்சைப் பை அக்கா வந்தாங்களா?"

"நான் பையைப் பார்த்தா கூப்பிடறேன்? பேரைச் சொல்லு."

சான்றிதழில் இருந்த பேரை நகல் வாசித்துக் காட்டினாள்.

"கூப்பிட்டாச்சு. வரலை. இன்னிக்கு நிறையப் பேரு வரலை," என்றார் அண்ணன். "கடைசியா ஒரு தடவை கூப்பிடுவேன். அப்புறம் கதவைச் சாத்திட வேண்டியதுதான். இந்தப் பிள்ளைங்களுக்கு அக்கறையே கிடையாது."

நகலுக்குச் சுருக்கென்றது. எதுக்கும் இருக்கட்டும் என்று நாலு நகல் எடுத்த அக்காவுக்கா அக்கறை இல்லை? நடக்கவே நடக்காது. அப்படியென்றால் அக்கா எங்கே?

தேய்ந்த படியில் உட்கார்ந்து யோசித்தாள். அக்காவிடம் புதுக் கட்டடத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அக்காவுக்கு இங்கே யாரையும் தெரியாது. எனக்கும் யாரையும் தெரியாமல் இருந்தால்?

நகல் எழுந்து, பெரிய வாசலைப் பார்த்துத் திரும்பி நின்று, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். 'எனக்கு இந்த இடமே தெரியாது. நான் இப்பத்தான் பேருந்தை விட்டு இறங்கி வர்றேன். புதுக் கட்டடத்துக்குப் போகணும். எது புதுசு?'

கண்ணைத் திறந்து, சுற்றிலும் பார்த்தாள்.

தூரத்தில், வெயிலைத் தலையில் வாங்கிக்கொண்டு, தகதகவென்று மின்னியது கண்ணாடி.

"அட கடவுளே!" என்று நகல் மறுபடியும் ஓடத் தொடங்கினாள்.

அவள் நினைத்தது சரி. கண்ணாடிக் கட்டடத்தின் படிகளில் ஏழெட்டுப் பேர் கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பச்சைப் பை அக்கா மட்டும் உட்காரவில்லை. காவலர் மாமாவிடம் வாதாடிக்கொண்டிருந்தார்.

"இது புதுக் கட்டடம்தானே?"

"புதுக் கட்டடம்தான்மா. பெயின்ட் வாசனைகூடப் போகலை."

"அப்போ நேர்காணல் எங்க?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் வேலைக்குச் சேர்ந்தே ஒரு வாரம்தான் ஆகுது. எனக்கே கழிப்பறை எங்கன்னு நேத்துதான் தெரிஞ்சுது."

"அக்கா!" நகல் மூச்சிரைக்க நடுவில் புகுந்தாள். "இது புதுக் கட்டடம் இல்ல!"

"இதைவிடப் புதுசா இன்னொண்ணு இருக்கா?"

"இல்லக்கா, அது பழசு!"

"பழசா?"

"ஆமா. அந்தப் பழசுதான் புதுசு. இந்தப் புதுசு புதுசே இல்ல!"

காவலர் மாமா குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். "பாப்பா, ரொம்ப நேரம் வெயில்ல நின்னியா? தண்ணி குடிக்கிறியா?"

"அப்புறம் குடிக்கிறேன் மாமா. அக்கா, அசலை எடுத்தீங்களா?"

பச்சைப் பை அக்கா சிரித்துக்கொண்டே பையைத் திறந்தார். துழாவினார். சிரிப்பு நின்றது. மறுபடியும் துழாவினார். முகம் சுண்டிப்போனது. நகல் அதற்கு மேல் அவரைத் தவிக்கவிடவில்லை. முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த உறையை எடுத்து நீட்டினாள்.

"மெஷின்லயே விட்டுட்டீங்க. கிளம்பறப்பவே கேட்டிருக்கணும். மறந்துட்டேன், என் தப்பு."

அக்கா சான்றிதழோடு சேர்த்து நகலின் கையையும் பிடித்துக்கொண்டார்.

"நன்றியெல்லாம் அப்புறம் சொல்லிக்கலாம்," என்றாள் நகல். "ஓடத் தெரியுமா?"

"எங்க ஊர்ல பேருந்தைத் துரத்திப் பிடிச்சுத்தான் நான் பள்ளிக்கூடம் போனேன்!"

முன்னால் நகல். பின்னால் பச்சைப் பை அக்கா. அவருக்குப் பின்னால் கோப்புகளும் தண்ணீர் பாட்டில்களுமாக மற்ற எல்லாரும். ஊர்வலம் பெரிய வாசலருகே இருந்த வரைபடத்தைத் தாண்டி ஓடியது. பூனை பயந்துபோய் மரத்தில் ஏறிக்கொண்டது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கூப்பிடு அண்ணன் கதவின் ஒரு பாதியைச் சாத்திவிட்டிருந்தார்.

"முடிஞ்சுது, முடிஞ்சுது. கடைசி தடவையும் கூப்பிட்டாச்சு. போங்க எல்லாரும்."

நகல் திறந்திருந்த மறுபாதிக்கு நடுவில் போய் நின்றாள். இரண்டு கையும் தானாக இடுப்புக்குப் போயின. "விட மாட்டேன்!"

"ஏய், உங்கம்மா மாதிரியே நிக்காதே. பயமா இருக்கு. தள்ளு!"

"என்ன அங்க சத்தம்?" என்று கேட்டுக்கொண்டே பேராசிரியர் ஒருவர் வெளியே வந்தார். உயரமான பெண்மணி. மூக்குக்கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டிருந்தார்.

"நேரத்துக்கு வரலை மேடம் இவங்க," என்றார் கூப்பிடு அண்ணன்.

பேராசிரியர் படியில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். "பாவமாத்தான் இருக்கு. ஆனா தாமதமா வந்தவங்களை எப்படிச் சேர்த்துக்கிறது? புதுக் கட்டடம்னு தெளிவா எழுதித்தானே அனுப்பினோம்?"

"மேடம், ஒரு நிமிஷம் வெளியில வாங்களேன்," என்றாள் நகல்.

"எதுக்கு?"

"வாங்க, சொல்றேன்."

பேராசிரியருக்கு ஆச்சரியம். ஆனாலும் படியிறங்கி வந்தார். நகல் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நடுத் திடலில் நிறுத்தினாள்.

"மேடம், உங்களுக்கு இங்க யாரையுமே தெரியாது. இன்னிக்குத்தான் முதல் தடவையா வர்றீங்க. புதுக் கட்டடத்துக்கு வரச் சொல்லியிருக்காங்க. எங்க போவீங்க?"

பேராசிரியர் வலது பக்கம் பார்த்தார். கண்ணாடி மின்னியது. இடது பக்கம் பார்த்தார். புதுக் கட்டடத்துச் சுவரிலிருந்து காரைத் துண்டு ஒன்று பெயர்ந்து, 'சொத்' என்று விழுந்தது. புறா ஒன்று தும்மியது போல ஒரு சத்தம் போட்டது.

"ஆனா... இது எல்லாருக்கும் தெரியுமே," என்றார் மெதுவாக.

"எல்லாருக்கும்னா யாருக்கு மேடம்?"

பேராசிரியர் காத்து நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

அப்போது பச்சைப் பை அக்கா ஓரடி முன்னால் வந்தார். கையை நீட்டிச் சுவரைக் காட்டினார்.

"மேடம், இது பழைய கட்டடம்னு இந்தச் சுவரே சொல்லுது. அந்த வெள்ளைத் திட்டைப் பாருங்க. அது கறை இல்ல. கல்பாசி. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் ஒண்ணா சேர்ந்து குடித்தனம் நடத்துது. பாசி சமைச்சுப் போடும், பூஞ்சை வீட்டைப் பார்த்துக்கும்."

நகல் சுவருக்குக் கிட்டே போய் உற்றுப் பார்த்தாள். இத்தனை நாளும் அதைச் சுண்ணாம்பு என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள்!

"இது ரொம்ப ரொம்ப மெதுவா வளரும் மேடம்," என்று அக்கா தொடர்ந்தார். "ஒரு வருஷம் முழுக்க வளர்ந்தாலும் கண்ணுக்கே தெரியாது. இந்தத் திட்டு என் உள்ளங்கையைவிடப் பெருசா இருக்கு. அப்படின்னா இந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு வயசு இருக்கணும்! பூஞ்சை பொய் சொல்லாது மேடம்."

"இரு, இரு. நானும் பார்க்கணும்." பேராசிரியர் சட்டென்று பரபரப்பானார். கழுத்தைத் தடவினார். கைப்பையைத் தடவினார். "என் கண்ணாடி எங்க? யாராவது என் கண்ணாடியைப் பார்த்தீங்களா?"

"அதோ இருக்கு மேடம்," என்று கூப்பிடு அண்ணன் தூரத்துக் கட்டடத்தைக் காட்டினார்.

"அதில்லய்யா! என் கண்ணாடி!"

"உங்க தலையில மேடம்," என்றாள் நகல்.

பேராசிரியர் கண்ணாடியை இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டு, சுவரில் மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது மூக்கு நுனியில் தூசி. முகமெல்லாம் சிரிப்பு.

"இந்த வழியா எத்தனை வருஷமா நடக்கிறேன்! இதையும் பார்க்கலை, பேரைப் பத்தியும் யோசிக்கலை," என்றார். கூப்பிடு அண்ணன் பக்கம் திரும்பினார். "கதவைத் திறங்க. இவங்க யாரும் தாமதமா வரலை. நாமதான் வழி சொல்லத் தாமதம் பண்ணிட்டோம். எல்லாரையும் வரிசையா உட்கார வைங்க."

கூப்பிடு அண்ணன் கதவை விரியத் திறந்தார். அவருடைய குரலே மாறிவிட்டது. "வாங்க, வாங்க. பார்த்து, படி வழுக்கும். எல்லாரும் அசல் வெச்சிருக்கீங்களா? நகல் வெச்சிருக்கீங்களா?"

"அசல் இந்தா இருக்கு," என்று பச்சைப் பை அக்கா உறையைத் தூக்கிக் காட்டினார். பக்கத்தில் நின்றவளின் தோளைத் தொட்டார். "நகல் இதோ."

நகல் கடைக்குத் திரும்பியபோது அம்மா நிமிர்ந்து மகளின் முகத்தைப் பார்த்தார். போதுமாக இருந்தது. "மூக்கைத் துடை," என்று மட்டும் சொன்னார்.

"துடைக்கிறேன். அம்மா, எனக்கு ஒரு பெரிய காப்பி வேணும். ரொம்பப் பெருசு."

ஒரு துண்டுத் தாளில் எழுதி மெஷினில் வைத்தாள். பெரிதாக்கினாள். வந்ததை மறுபடியும் வைத்துப் பெரிதாக்கினாள். அவளுடைய கோணல் 'ழ' யானைத் தும்பிக்கை அளவுக்கு வளர்ந்தது. நாலு தாளை ஒட்டிச் சேர்த்துக் கண்ணாடிக் கட்டடத்துக்குக் கொண்டுபோனாள். காவலர் மாமா யோசித்தார்.

"இங்க எதுவும் ஒட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களே பாப்பா."

"ஒட்டலைன்னா எல்லாரும் உங்களைத்தான் வந்து கேப்பாங்க மாமா."

அடுத்த நிமிடம் மாமா தானே பசை தடவிக் கதவில் ஒட்டினார்:

*இது புதுக் கட்டடம் இல்லை! அந்தப் பக்கம் பழசாக ஒன்று தெரிகிறதே, அதுதான்!*

புதுக் கட்டடத்தின் பேரை மாற்றலாமா என்று பார்க்கப் பல்கலைக்கழகம் ஒரு குழு போட்டது. குழு கூடியது. தேநீர் குடித்தது. மறுபடியும் கூடியது. கடைசியில் வாசலில் அழகான பித்தளைப் பலகை ஒன்று வந்தது: 'பழைய புதுக் கட்டடம்'. அதற்கு மேல் அவர்களால் முடியவில்லை. நகலின் தாளை மட்டும் யாரும் கிழிக்கவில்லை. இப்போது வரைக்கும் அதைப் படித்துத்தான் எல்லாரும் வழி கண்டுபிடிக்கிறார்கள்.

அடுத்த விடுமுறையின்போது ஒருநாள் பச்சைப் பை கடைக்குள் நுழைந்தது. அக்காவின் கழுத்தில் மாணவர் அடையாள அட்டை தொங்கியது.

"இதுக்கு ஒரு காப்பி வேணும்," என்றார் அக்கா பெருமையாக.

வெளிச்சம் ஓடியது. நகல் வந்தது. அக்கா கிளம்பத் திரும்பியதும் சின்ன நகல் இடுப்பில் கை வைத்தாள். "அசலை எடுத்தீங்களா?"

"எடுத்தாச்சு, எடுத்தாச்சு!" அக்கா அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார். "அக்கா, எங்க ஆய்வகத்துல ரொட்டிப் பூஞ்சையை நுண்ணோக்கியில வெச்சிருக்கோம். குட்டிக் குட்டிக் காடு மாதிரி இருக்கு. உங்க நகலைக் கொஞ்ச நேரம் கூட்டிட்டுப் போகவா?"

நகல் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தாள்.

"கூட்டிட்டுப் போ," என்றார் அம்மா. மகளின் மூக்கில் இருந்த கருப்புத் தூளைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டார். "ஆனா பத்திரமாத் திருப்பிக் கொண்டுவந்து விடு. பேருதான் நகல். எனக்கு இது அசல்."